ஒரு புத்தகம் போய் வந்த வழி

என் அலுமாரியிலேயே மெலிந்த புத்தகம் அதுதான். முன்னட்டை போய் எத்தனையோ காலமாகிறது. முதுகை இழுத்துப் பிடித்திருக்கும் துணிப்பட்டை ஒரு பழைய வேட்டிக் கரையிலிருந்து கிழித்து ஒட்டியது. நடுவில் சில பக்கங்களில் குப்பி லாம்புக் கரி விரல் ரேகையோடு படிந்திருக்கிறது. இலங்கை மலையகத்தில், பொல்பிட்டியவில் என் வீட்டுக்கு வருகிறவர்கள் யாராவது அலுமாரியைத் துழாவினால், அது நழுவி விழுந்துவிடுமோ என்று அவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

சி.வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதை அது. தமிழில் தந்தவர் சக்தீ பால ஐயா. தலைப்பு 'தேயிலைத் தோட்டத்திலே'. கண்டியில் செய்தி பதிப்பகம் 1969இல் வெளியிட்டது. இந்த ஒரு பிரதி ஹட்டனில் விலைபோய், பொல்பிட்டியவில் நான்கைந்து வருஷம் இருந்து, கடல் தாண்டி, நீலகிரியில் முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

பிரதி பிறப்பதற்கு முன்பே கவிதை ஒரு பயணம் போய் வந்துவிட்டது. சி.வி. 1914இல் வட்டகொடைப் பக்கம் மடகொம்பரைத் தோட்டத்தில் பிறந்தவர். பெரியங்கங்காணி வீட்டுப் பிள்ளை. ஹட்டனிலும் கொழும்பிலும் ஆங்கிலத்தில் படித்தார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் பாராளுமன்றம் போன ஏழு பேரில் அவரும் ஒருவர், தலவாக்கலைத் தொகுதி. அடுத்த வருஷமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அவருக்கு வாக்குப் போட்ட சனங்கள் நாடில்லாதவர்களானார்கள். அந்தக் காயம் ஆறாமல் இருந்த 1950களின் தொடக்கத்தில்தான் இந்தக் கவிதை ஆங்கிலத்தில் அச்சேறியது. விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கக் கூப்பிடும் தப்பொலி, கொழுந்துக் கூடை, மண்ணுக்கு அடியில் கிடக்கும் முன்னோர் என்று எல்லாம் எங்கள் மலையில் இருந்தவை. ஆனால் சட்டம் எழுதியவர்கள் படிக்கிற மொழியில் அவற்றை எழுதினால்தான் அவர்கள் காதில் விழும் என்று சி.வி. நினைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். யாரைப் பற்றிய கவிதையோ அவர்கள் கைக்கு அது தமிழில் வந்து சேரப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகிவிட்டது.

சக்தீ பால ஐயா ஓவியரும்கூட. சொல்லுக்குச் சொல் பெயர்க்க அவர் மெனக்கெடவில்லை. ஆங்கில மூலத்தையும் வாசித்திருக்கிறேன். அது தணிந்த குரலில் பேசுகிறது. தமிழில் அதே துக்கம் குரலெடுத்து அழுகிறது, சில இடங்களில் கோபமாகக் கேள்வியும் கேட்கிறது. எது மேல் என்று எனக்குத் தீர்ப்புச் சொல்ல வராது. லயத்து இஸ்தோப்பில், தோட்டத்து வரிசை வீட்டின் வாசல் திண்ணையில், உட்கார்ந்து உரத்து வாசிக்க ஏற்றது தமிழ்தான் என்று மட்டும் தெரியும், ஏனென்றால் நான் முதலில் அதைக் காதால்தான் படித்தேன்.

அதை வாங்கியவர் என் சித்தப்பா. பொல்பிட்டிய என்றால் சிங்களத்தில் தென்னந்திடல் என்று அர்த்தம். கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் இந்தப் பக்கத்தில்தான் கூடிக் களனி கங்கையாகின்றன. மேலே மவுசாகலையில் அணை கட்டினார்கள். பழைய மஸ்கெலியா டவுன் கோயிலோடு நீருக்கு அடியில் போனது. கீழே எங்கள் பக்கம் 75 மெகாவாட் மின் நிலையம் எழுந்து 1969இல் ஓடத் தொடங்கியது. அந்த வேலைத்தளத்தில் சித்தப்பா கைக்காசுக்கு வேலை செய்தார். தோட்டத்துப் பேர்ச் சம்பளத்தைவிட நல்ல காசு. வேலை முடிந்து கணக்குத் தீர்த்த கையோடு ஹட்டன் டவுனுக்குப் போனவர் அப்பாயிக்கு ஒரு கம்பளி, அப்பாவுக்கு ஒரு குடை, தனக்கு இந்தப் புத்தகம் என்று வாங்கி வந்தார்.

தலைக்கு மேலே மின்சாரக் கம்பிகள் கொழும்பை நோக்கி ஓடின. எங்கள் லயத்தில் குப்பி லாம்பு. அந்த வெளிச்சத்தில் சித்தப்பா வாசிக்க, பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் வாசலில் அக்கம்பக்கத்தார் குந்தியிருந்து கேட்பார்கள். அப்பாயிதான் முதலில் சண்டை பிடித்தது.

"ஏண்டா, நம்ம பாட்ட எவனோ எழுதி, அதை நீ காசு குடுத்து வாங்கியாந்தியா?"

"கேளுங்க ஆத்தா. நம்மளப் பத்தி அச்சுல போட்டிருக்கான்."

அப்பாயி கேட்டது. பிறகு, தப்பு அடிக்கிறதைப் பற்றி வந்த இடத்தில், "அப்படி இல்லடா" என்று தானே ஒரு பழைய பாட்டை எடுத்துவிட்டது. கண்டிச் சீமைக்கு நடந்து வந்த பாட்டு. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எல்லோரும் அதைக் கேட்டோம். பல வருஷம் கழித்து, 1983இல் சென்னையில் அச்சான சி.வி.யின் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' தொகுப்பைக் கையில் எடுத்தபோது, அப்பாயி மாதிரி எத்தனை கிழவிகள் முன்னால் அந்த மனிதர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைத்தேன். அந்தத் தொகுப்பும் என் அலுமாரியில் இருக்கிறது, சி.வி.க்குப் பக்கத்தில் சி.வி.யாக.

அலுமாரி என்று சொல்கிறேனே, அப்போது அது இரண்டு தேயிலைப் பெட்டிகள். ஸ்டோரில் கழித்துப்போட்டவை. பலகை ஒட்டுப்பலகை, ஓரமெல்லாம் தகரப்பட்டை வைத்து ஆணி அறைந்தது, உள்ளே ஈயத்தாள் மாதிரி வெள்ளித்தாள் ஒட்டியிருக்கும். வெளியே தோட்டத்துப் பெயரும் பி.ஓ.பி. என்ற தூள் ரகமும் நிறையும் கறுப்பு மையில் அச்சுக் குத்தியிருக்கும். இலண்டனுக்குக் கப்பலேறும் தேயிலையில் ஈரம் ஏறாமல் காப்பதற்குச் செய்த பெட்டி. வட்டவளைப் பக்கம் வருஷத்துக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டிப் பெய்கிற மழை எங்கள் பள்ளத்தையும் விட்டுவைக்காது. அப்படிப்பட்ட இடத்தில் புத்தகத்துக்கு அதைவிட நல்ல வீடு ஏது? பக்கவாட்டில் படுக்கவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, முன்னால் ஒரு சாக்குத் திரை போட்டார் அப்பா. மேல்பெட்டியில் புத்தகம், கீழ்ப்பெட்டியில் கடுதாசிகளும் பத்திரங்களும்.

பத்திரம் என்றால் எங்களுக்கு உயிர். 1949ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியுரிமை கேட்டவர்கள் இத்தனை வருஷம் இடைவிடாமல் இந்த நாட்டில் இருந்தேன் என்று காட்ட வேண்டும். கலியாணமானவருக்கு ஏழு வருஷம், ஆகாதவருக்குப் பத்து. பிறப்பைப் பதியாமல் விட்டவர்கள், துண்டுக் காகிதத்தைத் தொலைத்தவர்கள் எல்லாம் அந்த ஏழுக்கும் பத்துக்கும் முன்னால் கைகட்டி நின்றார்கள். என் தாத்தாவின் விண்ணப்பம் தள்ளப்பட்டது. அதிலிருந்து அப்பாவுக்குத் தேதிகள்மேல் ஒரு பயம். 1972இல் தங்கச்சி பிறந்த இரவு கையில் வேறு நல்ல தாள் கிடைக்காமலோ என்னவோ, இந்தப் புத்தகத்தை எடுத்துப் பின்னட்டையின் உட்பக்கத்தில் பிறந்த நாள், நேரம், நட்சத்திரம், தோட்டத்துப் பெயர், லயத்து இலக்கம் எல்லாம் நீல மையில் எழுதினார். அதற்கு மேலேயே, விட்டுப்போனதுபோல், 1963 என்று போட்டு என்னுடையதையும் எழுதினார். சித்தப்பா கோபப்படவில்லை.

1964 அக்டோபர் 30இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம் எங்கள் காம்பராவுக்குள் வந்துசேர எட்டு ஒன்பது வருஷமானது. நாடற்றவர்கள் என்று கணக்கிட்ட 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்கும், 3 இலட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும், மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று பேச்சு. அந்த மிச்சம் ஒன்றரை இலட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அதே வருஷம் எங்கள் குடும்பமும் பிரிந்தது. அப்பாவுக்கு இலங்கை. சித்தப்பாவுக்கு, சித்தி வீட்டார் எல்லோரும் இந்தியாவுக்கு எழுதியிருந்ததால், இந்தியப் பாஸ்போட்.

போகிறவர்களுக்கும் பெட்டி தேவை. அலுமாரியாக நின்ற இரண்டு தேயிலைப் பெட்டியில் ஒன்றை அப்பாவே கழற்றிக் கொடுத்தார். பித்தளைக் குடம், கம்பளி, பாத்திரம், சாமிப்படம். கடைசியில் சித்தப்பா புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். உள்ளே என்னுடைய பிறந்தநாளும் தங்கச்சியுடையதும் இருக்கிறது. கொண்டுபோவதா, வைத்துவிட்டுப் போவதா? அப்பா சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம்.

"நீயே கொண்டு போ தம்பி. புள்ளைங்க பேரு ஒங்கிட்டயும் இருக்கட்டும்."

ஹட்டன் ஸ்டேஷனில் அந்தக் காலத்தில் கேட்ட அழுகையைப் பற்றி எழுதாத மலையக எழுத்தாளர் குறைவு. ரயில் நகர்ந்தபோது சன்னலுக்குள் கையைப் பிடித்துக்கொண்டே ஓடிய சனத்தில் நானும் இருந்தேன், பதினொரு வயது. தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல். அங்கிருந்து இராமேஸ்வரம், மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைக்குக் கூலிக்கு வந்தவர்களை நோய் பார்க்க அடைத்துவைத்த அதே மண்டபம். தாத்தா எந்த வழியில் வந்தாரோ ஏறக்குறைய அதே வழியில் அவருடைய மகன் திரும்பிப் போனார், தாத்தாவைப் பற்றிய புத்தகம் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு.

இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக நீலகிரியில் தமிழ்நாடு அரசு 1968இல் தேயிலை நடத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு டான்டீ என்று சொல்கிறார்களே, அதுதான். சித்தப்பா கோத்தகிரிப் பக்கம் போனார். மறுபடியும் லயம், மறுபடியும் கொழுந்து. இங்கே இருந்தவரைக்கும் எங்களை இந்தியாக்காரன் என்றார்கள். அங்கே போனதும் அவர் சிலோன்காரர் ஆனார். 1976இலும் 1979இலும் அங்கே பிறந்த தன் பிள்ளைகளை அதே பின்னட்டையில், அப்பாவின் நீல மைக்குக் கீழே, பால்பாயிண்ட் பேனாவில் எழுதினார். முன்னட்டை அங்கேதான் கழன்றிருக்கிறது. வேட்டிக்கரைப் பட்டை ஒட்டியது சித்தி.

புத்தகம் அங்கே போனதால்தான் பிழைத்தது. இங்கே இருந்த மற்றவற்றின் கதியைச் சொல்ல வேண்டும்.

அப்பா வாரப் பத்திரிகைகளில் வந்த மலையகக் கதைகளை வெட்டி, சாக்கு ஊசியால் தைத்து, அட்டை போட்டு வைத்திருந்தார். 1960களுக்குப் பிறகு எங்கள் பையன்கள் எழுதிக் குவித்த காலம். நூலாக வந்தவை கொஞ்சம். பத்திரிகைத் தாளோடு போனவை எத்தனையோ. 1977இல் தமிழருக்கு எதிராக மூண்ட கலவரம் தோட்டங்களையும் உலுக்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் 97,000 புத்தகங்களோடு எரிந்த செய்தியை அப்பா இரண்டு முறை உரக்க வாசித்தார். 1983 ஜூலை கடைசியில், மறுபடியும் கலவரம் மூண்டிருந்த ஒரு இரவு, தமிழில் அச்சடித்த தாள் எது கண்ணில் பட்டாலும் வம்பு என்று லயம் முழுக்கப் பேச்சு. அப்பா அடுப்படியில் உட்கார்ந்து தைத்த கட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்பில் வைத்தார். யாரும் வந்து எங்களை மிரட்டவில்லை. பயம் வந்தது, அது போதுமாக இருந்தது. மறுநாள் கஞ்சி அந்தத் தணலில்தான் வெந்தது. அடுத்த வருஷம் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. சித்தப்பாவின் கடுதாசிகளும் குறைந்தன.

1997இல் துரைவி பதிப்பகம் 'மலையகச் சிறுகதைகள்' தொகுப்பையும் அதையடுத்து 'உழைக்கப் பிறந்தவர்கள்' தொகுப்பையும் கொண்டுவந்தது. துரை விஸ்வநாதன் பணம் போட, தெளிவத்தை ஜோசப் பழைய பத்திரிகைகளைத் தேடித்தேடிச் சேர்த்த கதைகள். நான் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தபோது அப்பா ஒன்றையும் வாசிக்கவில்லை. பொருளடக்கத்தில் விரலை வைத்து, அன்றைக்கு அடுப்பில் போட்டவற்றைத் தேடினார். சில இருந்தன. "இது இருக்கு... இதும் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு இடத்தில் விரலை நிறுத்திவிட்டு வெளியே எழுந்து போனார். இந்த இரண்டு தொகுப்பையும் நான் யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.

நண்பர்கள் கேட்பார்கள்: ஒரு அலுமாரிக்கு எந்தெந்தப் புத்தகம் வேண்டும், எதை வைத்துக்கொள்ளலாம், எதைக் கொடுத்துவிடலாம் என்று. சென்னையிலோ கொழும்பிலோ இருக்கிறவர்கள் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். தொலைந்தால் கடை இருக்கிறது, நூலகம் இருக்கிறது. எங்களுடைய கணக்கு வேறு. தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் ஹட்டனில் அச்சகமே நடத்தினார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடிய பாட்டுகளைச் சிறு பிரசுரங்களாக்கித் தோட்டம் தோட்டமாகக் கொடுத்தார். அரை நூற்றாண்டு கழித்துச் சாரல்நாடன் அவற்றைத் தேடிக்கொண்டு அலைந்து, 1988இல் 'தேசபக்தன் கோ. நடேசய்யர்' நூலை எழுதினார். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே செய்த ஆராய்ச்சி அது. ஒரு பிரசுரம் மிஞ்சியதென்றால் ஏதோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் ட்ரங்குப் பெட்டியில் போட்டு வைத்ததால்தான் மிஞ்சியது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணையத்தளத்தில் இன்றைக்கு மலையக நூல்களைத் திறந்து வாசிக்கிறோமே, அதற்கும் முதலில் ஒரு மனிதரின் அலுமாரியிலிருந்து ஒரு பிரதி கிடைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, நான் போனால் வேறெங்கும் கிடைக்குமா என்று சந்தேகம் வரும் புத்தகத்தைத்தான் முதலில் வைத்துக்கொள்கிறேன். தெளிவத்தை ஜோசப்பின் 'நாமிருக்கும் நாடே', மு. சிவலிங்கம் தமிழாக்கிய சி.வி.யின் 'தேயிலை தேசம்', கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' எல்லாம் அப்படி வந்து உட்கார்ந்தவை. புதுமைப்பித்தன் மட்டும் விதிவிலக்கு. எங்கும் கிடைப்பார். ஆனால் இலங்கை மண்ணை மிதிக்காமலே எங்கள் தோட்டத்துத் துயரைத் 'துன்பக்கேணி'யாக எழுதியவருக்கு எங்கள் வீட்டில் ஒரு இடம் கடமை.

2012இல் சித்தப்பாவின் மகள் சென்னையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு வந்து இறங்கினாள். சித்தப்பா போய் மூன்று வருஷமாகியிருந்தது. முதன்முதலாகப் பொல்பிட்டியவைப் பார்க்கிறாள்; ஆனால் எந்தப் பக்கம் ஓயா, எந்தப் பக்கம் கோயில் என்று எங்களுக்கு முன்னால் அவள் சொன்னாள். அப்பாவுக்கு அப்போது கண் பார்வை மங்கிவிட்டது. மஞ்சள் பைக்குள்ளிருந்து எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"பெரியப்பா, அப்பா இத ஒங்ககிட்டக் குடுக்கச் சொல்லுச்சு."

அப்பா முன்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கவேயில்லை. நேரே புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்னட்டையைத் திறந்து விரலால் தடவினார்.

இப்போது மரத்தில் செய்த அலுமாரி இருக்கிறது. ஆனாலும் அதற்குள்ளேயும் அந்தப் புத்தகம் இருப்பது மிஞ்சிய ஒற்றைத் தேயிலைப் பெட்டியில்தான். மழை மாதங்களில் இதற்குத்தான் எனக்குப் பாதி வேலை. சுவரைத் தொடாமல் நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும். பொலித்தீனில் சுற்றிவைத்தால் காப்பாற்றுகிறோம் என்று நினைப்போம். உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற முடியாமல் பூஞ்சணம் பூத்துவிடும். நெருக்கி அடுக்கினாலும் அப்படித்தான். வெள்ளையாகப் பூத்ததை வீட்டுக்குள் தட்டக்கூடாது; வெளியே கொண்டுபோய்க் காய்ந்த மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். ஒட்டிக்கொண்ட பக்கத்தை இழுக்கக்கூடாது, நிழலில் காய வைத்தால் தானே விடும். இராமபாணப் பூச்சிக்குப் பசை என்றால் உயிர், அதனால் ஒட்டிய முதுகைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அப்பா செய்தது இன்னும் எளிது. அடுப்புக்கு மேலே விறகு காயும் அட்டலில் ஒரு ஓரமாக இரண்டு நாள் வைத்துவிடுவார். புத்தகம் காயும், புகை மணம் ஒட்டிக்கொள்ளும். கோத்தகிரியில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தும் அந்த மணம் போகவில்லை என்று சித்தப்பா மகள் சொன்னாள். எனக்கு மூக்கில் அது ஏறவில்லை, பழகிவிட்டது போலிருக்கிறது.

போன மாதம் ஒரு மழை இரவில் அவளிடமிருந்து தொலைபேசி.

"அண்ணே, மவளுக்குப் புள்ள பொறந்திருக்கு. ஆம்பளப் புள்ள. புஸ்தகத்துல எழுதிரு."

பெட்டியைத் திறந்து எடுத்தேன். பின்னட்டையில் அடியில் ஒரு விரல்கடை இடம்தான் பாக்கி. மை ஈரத்துக்கு ஊறும் என்பதால் பென்சிலைச் சீவி, சிறிய எழுத்தில் தேதியையும் நேரத்தையும் எழுதி, கோத்தகிரி என்று போட்டேன். எழுதி முடித்த பிறகுதான் நட்சத்திரம் கேட்க மறந்தது நினைவுக்கு வந்தது. மறுபடி அவளுக்கு அழைத்தேன்.